‘வந்தது’ என்று ஓர் அட்டை

டொலீடோ, ஒஹாயோ
ஏப்ரல் 9, 2000

அன்புள்ள தம்பி கால்மன்,

அக்கா மார்கிட் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறதாம், உன் பெண்டாட்டி டோனா சொல்கிறாள். எனக்குக் கேட்காது என்பதால் எங்களுக்குள் சண்டையில்லை. ஏரியில் பனி உடைந்து உன் கப்பல் கிளம்பிவிட்டதா? போன வருஷம் போல கப்பல் அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்ளாதே.

இங்கே ஒரு செய்தி. இருபத்திரண்டு வருஷமாக நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடுகிறது. மருத்துவமனைகளின் கணினி எங்கள் அறுவைச் சாமான் கம்பெனியின் கணினிக்கு ஆர்டர் அனுப்பும் முறைக்கு இ.டி.ஐ. என்று பேர், உனக்குத் தெரியும். எண்ணும் நட்சத்திரக் குறியுமாக ஒரே நீளக் கோடாக வரும். அதைப் படித்துக் கிடங்குக்குத் தள்ளுவது நான். ஒன்பது வயதில் காய்ச்சலில் காது போனவளை "என்ன சொன்னீங்க?" என்று கேட்கவைக்காத பேச்சு எனக்குத் தெரிந்து உலகத்தில் அது ஒன்றுதான்.

அதை எடுத்துவிட்டு எக்ஸ்.எம்.எல். என்று ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். சிகாகோவிலிருந்து ப்ரென்ட் என்று ஓர் ஆள் வந்திருக்கிறான். என்னிடம் பேசும்போது வாயை நீர்யானை மாதிரி திறக்கிறான். "மேடம், இதை யார் வேணா படிக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடியும் பின்னாடியும் பேர் எழுதியிருக்கும். உங்க நட்சத்திரத்தை எல்லாம் ரெண்டே வருஷத்துல மூட்டை கட்டிடுவோம்." என் மேலாளர் லிண்டி தலையாட்டினாள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால் நான் எதற்கு?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பெர்னீஸின் இஸட். குழந்தைகள் மருத்துவமனையில் சாமான் அறையைப் பார்க்கும் பெர்னீஸைச் சொல்கிறேன். எங்கள் அறுவைக் கட்டு மூடி ஒட்டி, கிருமி நீக்கிப் போகும். உள்ளே கையுறை, குழாய், துணி எல்லாம் இருக்கும். ரப்பர் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ரப்பர் இல்லாத கட்டு வேண்டும், ஆனால் இரண்டுக்கும் பட்டியலில் ஒரே எண்தான். மற்ற ஊர்க் குமாஸ்தாக்களிடம் மருத்துவமனைகள் தொலைபேசியில் சொல்லிவிடும். என்னிடம் சொல்ல முடியாதே. அதனால் ஒன்பது வருஷத்துக்கு முன் அவளும் நானும் ஓர் ஏற்பாடு செய்தோம். ஆர்டர் எண்ணின் கடைசியில் இஸட் என்ற எழுத்தைப் போட்டால் ரப்பர் கூடாது. எந்தக் கையேட்டிலும் இது கிடையாது. பெர்னீஸ் ஜூனில் ஓய்வு பெறுகிறாள்.

உன் பெண் லினா எப்படி இருக்கிறாள்? ஆறாவது பிறந்தநாளில் பலூனை ஊதிவிட்டு உதடு வீங்கி நின்றாளே, இந்த வாரம் முழுக்க அதுதான் கண்ணில் நிற்கிறது.

கிடைத்ததும் அட்டை போடு.

அக்கா
மார்கிட்


சுப்பீரியர் ஏரி
மே 6, 2000

என் ஒரே அக்காவுக்கு,

கப்பலில் இருபத்திரண்டு பேரும் சாப்பிட்டு, சாப்பாட்டைத் திட்டி, சுகமாக இருக்கிறோம். டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு வந்து வாளியில் உன் கடிதத்தை ஏற்றியது. மாலுமிகள் "உன் காதலி எழுதியிருக்கா" என்று வாளியைச் சுற்றிக் கூத்தடித்தார்கள். காதலிக்கு நாற்பத்தொன்பது வயது, முழங்கால் வலி என்றேன்.

பயப்படாதே. போன வருஷம் எங்கள் கப்பலிலும் பழைய வரைபடத்தை எடுத்துவிட்டுக் கணினித் திரை வைத்தார்கள். கிழட்டுக் கேப்டன் ஒரு மாதம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது, வரைபடத்தைச் சுருட்டிவைத்தார். நீயும் அப்படிச் செய். இஸட் இரண்டிலும் வருகிறதா பார், அவ்வளவுதான். அந்த ப்ரென்டிடம் வாயை மூடிக்கொண்டு பேசச் சொல், உனக்கு அதுவே போதும்.

லினாவின் முதுகு இன்னும் வளைகிறது. நவம்பரில் கம்பி வைக்க வேண்டுமாம். எங்கே தெரியுமா? உன் பெர்னீஸின் மருத்துவமனையில்தான். "அப்பா, கம்பி வெச்சா நான் உயரமாயிடுவேனா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன். உன் இஸட் இருக்கும்வரை எனக்குப் பயமில்லை.

தம்பி
கால்மன்


டொலீடோ
ஜூலை 29, 2000

அன்புள்ள கால்மன்,

வெயில் கொளுத்துகிறது, எனக்குச் சௌக்கியம். டோனாவும் லினாவும் ஞாயிறு வந்து கோழி பாப்ரிகாஷ் சாப்பிட்டுப் போனார்கள். லினா சக்கர நாற்காலியில் என் சமையலறையை ஆறு முறை சுற்றிவிட்டு "அத்தை, உன் வீடு சின்னது" என்றாள்.

நீ சொன்னபடியே செய்தேன். நாற்பது காலை. முதலாவதாக மாறும் குழந்தைகள் மருத்துவமனை ஒவ்வோர் ஆர்டரையும் இரண்டு முறையிலும் அனுப்பியது. நான் இரண்டையும் அச்செடுத்து, அடிக்கோல் வைத்து, வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. இஸட் இரண்டிலும் வந்தது, பதினேழு தடவை. ப்ரென்ட் கேக் வாங்கி வந்தான். அதன்மேல் கிரீமில் ‘0’ என்று எழுதியிருந்தது, பிழை பூஜ்யமாம்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பூஜ்யம் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. இருபத்திரண்டு வருஷத்தில் எந்த இரண்டும் இப்படிப் பொருந்தி நான் பார்த்ததில்லை. "சந்தோஷப்படுங்க மார்கிட்" என்றாள் லிண்டி. சந்தோஷப்பட்டேன். நேற்று கையெழுத்தும் போட்டேன். ‘சரிபார்த்தேன், பழையதை நிறுத்தலாம்’ என்ற வரிக்குக் கீழே என் பேர் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை பழைய இணைப்பை நிறுத்துகிறார்கள்.

பார், நாற்காலியும் போகவில்லை. புதியதைப் பார்த்துக்கொள்ளவும் நான்தானாம்.

அன்புடன்
அக்கா


ஹியூரான் ஏரி
ஆகஸ்ட் 19, 2000

அக்கா,

நலம். நீயும் நலம்தானே?

நான் சொன்னேனா இல்லையா! கையெழுத்துப் போட்டதற்கு நானும் இங்கே ஆப்பிள் கேக் செய்து, காரணம் சொல்லாமல் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தேன். லினாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள், நவம்பர் ஒன்பது. அன்றைக்கு நான் மிசிகன் ஏரியின் மேல்முனையில் எங்கோ இருப்பேன். சீசன் முடியாமல் இறங்கினால் அடுத்த வருஷம் எடுக்க மாட்டார்கள், காப்பீடும் போய்விடும். டோனா பக்கத்தில் நீ இருக்கிறாய் என்றுதான் தூங்குகிறேன்.

பெர்னீஸ் போன பிறகு வந்த ஆளும் இஸட் ஒழுங்காகப் போடுகிறானா? இரண்டு வாரம் ஆகியிருக்குமே, எத்தனை வந்தது?

தம்பி
கால்மன்


(அஞ்சலட்டை. டொலீடோ, செப்டம்பர் 5, 2000)

வந்தது.
மா.


டொலீடோ
அக்டோபர் 4, 2000

அன்புள்ள கால்மன்,

வெறும் அட்டை போட்டதற்கு மன்னித்துவிடு. வேலை அதிகம். மாதாகோவில் விழாவுக்குக் கசகசா ரொட்டி முப்பது செய்தேன், பாதி கருகிவிட்டது. பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் சிவந்துவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம் கொஞ்சம் குறைவு.

ஒரு யோசனை. லினாவின் அறுவையை வசந்தகாலத்துக்குத் தள்ளிப்போட்டால் என்ன? நீயும் இருப்பாய். நவம்பரில் நம் குடும்பத்துக்கு எதுவும் நன்றாக நடந்ததில்லை. தள்ள முடியாது என்றால், அறைக்குள் போகும் முன் கையுறை எதனால் செய்தது என்று டோனா நேராகக் கேட்கட்டும். "எப்போதும் போலத்தான்" என்று யார் சொன்னாலும் விடவேண்டாம். உறையைக் காட்டச் சொல்லட்டும். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

குளிர் வருகிறது. கம்பளி உள்சட்டை போட்டுக்கொள்.

அக்கா


டுலூத் துறைமுகம்
அக்டோபர் 14, 2000

அக்கா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இல்லை.

டோனாவிடம் தொலைபேசியில் பேசினேன். தள்ளிப்போட முடியாது, வளைவு நுரையீரலை அழுத்துகிறது, குளிர்காலம் தாங்காது என்கிறார் மருத்துவர். கையுறை பற்றி அவள் கேட்டிருக்கிறாள். "கவலைப்படாதீங்கம்மா, லினா பேர்ல ரப்பர் கூடாதுன்னு குறி போட்டுத்தான் ஆர்டர் அனுப்புறோம். ஒன்பது வருஷமா அப்படித்தான்" என்று சிரித்தார்களாம். டோனா நிம்மதியாகிவிட்டாள். நான்தான் உன் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

நீ மூன்று பக்கம் எழுதுகிறவள். செப்டம்பரில் ஒரே வார்த்தை எழுதினாய். அந்த வார்த்தைக்கு அர்த்தம் நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. உங்கள் தொழிலில் ஆர்டர் போனதும் மறுமுனையிலிருந்து ‘வந்தது’ என்று ஒரு சீட்டு வரும். உறை கைக்கு வந்தது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். படித்தேன் என்றும் இல்லை, சம்மதம் என்றும் இல்லை. சம்மதத்துக்கு இரண்டாவது சீட்டு வரவேண்டும். அதை வைத்துத்தானே நாம் விளையாட்டாக அட்டை போட ஆரம்பித்தோம்?

நான் எத்தனை இஸட் வந்தது என்று கேட்டேன். நீ கசகசா ரொட்டி பற்றி எழுதுகிறாய்.

ஒரே வரியில் பதில் எழுது. இஸட் வருகிறதா, இல்லையா? முப்பதாம் தேதி டெட்ராய்ட்டைத் தாண்டுவோம். வாளியில் உன் கடிதம் இருக்க வேண்டும்.

கால்மன்


டொலீடோ
அக்டோபர் 24, 2000

கால்மன்,

வருவதில்லை.

ஒரே வரி கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியையும் எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன்.

ஆகஸ்ட் 14 காலை கண்டுபிடித்தேன். இரண்டு வாரமாக ஓர் இஸட்கூட இல்லை. முதலில் புது ஆள் போடவில்லை என்று நினைத்தேன். போட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவன் திரையில் இஸட் இருக்கிறது. புதிய முறை ஆர்டர் எண்ணில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, இஸட்டை வழித்துப் போட்டுவிட்டு மீதியை அனுப்புகிறது. யாருக்கும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அப்படியானால் அந்த நாற்பது நாளும் எப்படி வந்தது? பழைய அச்சுக்களை எல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். பழையதில் ஓர் இடத்தில் யாரோ இரண்டு இடைவெளி தட்டியிருந்தார்கள், புதியதிலும் அதே இடத்தில் அதே இரண்டு இடைவெளி. அப்போது புரிந்தது. மருத்துவமனைப் பக்கம் புதிய முறை தயாராகவே இல்லை. தேதி தவறக்கூடாதென்று பழைய ஆர்டரை அப்படியே பிரதி எடுத்து, புதிய உறையில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான் நாற்பது நாள் அடிக்கோல் வைத்து ஒரே காகிதத்தை அதனோடேயே ஒப்பிட்டிருக்கிறேன். உண்மையான புதிய முறை ஆகஸ்ட் ஒன்றாம் தேதிதான் முதல்முதலாக ஓடியது. அதற்கு முன்பே என் கையெழுத்து அங்கே இருந்தது.

அன்றே லிண்டியிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இந்த வயதில், காது கேட்காதவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள் என்று நினைத்தேன். ஓசைப்படாமல் நானே சரிசெய்துவிடலாம் என்று பார்த்தேன். ஆர்டரில் மருத்துவர் பேர் இருக்கும். ரப்பர் ஆகாத குழந்தைகள் பெரும்பாலும் லினா மாதிரி முதுகெலும்பு மூடாமல் பிறந்தவர்கள். அதனால் முதுகு மருத்துவர்கள் கேட்ட கட்டுக்கெல்லாம் நானாகவே ரப்பர் இல்லாததை அனுப்பினேன். ஊகம்தான். தினமும் காலையில் ஊகம்.

செப்டம்பர் 19 ஒரு புகார்த் தாள் வந்தது. ஏழு வயதுப் பெண். குடலிறக்கம், சின்ன அறுவை. மேசையில் மூச்சு அடைத்துவிட்டது. இரண்டு நாள் மூச்சுக் கருவியில் இருந்தாள். பிழைத்துவிட்டாள். அவள் மருத்துவர் முதுகு மருத்துவர் இல்லை, கால்மன். என் ஊகத்தில் அவள் அகப்படவில்லை.

அதன் பிறகுதான் லிண்டியிடம் சொன்னேன். கதவைச் சாத்தினாள். "இதை எங்கேயும் எழுதாதீங்க. வக்கீல் பார்க்கட்டும். வருஷக் கடைசில சரி பண்ணிக்கலாம்" என்றாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

இப்போது ரப்பர் இல்லாத சரக்கு கிடங்கில் பதினோரு கட்டுதான் மிச்சம். நான் அள்ளி அனுப்பியதில் தீர்ந்துவிட்டது. நவம்பர் ஒன்பதுக்குள் எனக்குத் தெரியாத யார் யாருக்கோ அவை போகும். லினாவுக்கு ஒன்றை என் மேசைக்கடியில் ஒளித்துவைத்திருக்கிறேன். அதை எடுத்துவைத்தபோது, வேறு எந்தக் குழந்தையிடமிருந்து எடுக்கிறேன் என்று தெரியவில்லை.

பயமாக இருக்கிறதடா.

மார்கிட்


(அஞ்சலட்டை. டெட்ராய்ட், அக்டோபர் 30, 2000)

வந்தது.
கா.


டொலீடோ
நவம்பர் 13, 2000

அன்புள்ள கால்மன்,

முதலில் லினா. நன்றாக இருக்கிறாள். டோனா சொல்லியிருப்பாள், நானும் சொல்கிறேன். ஏழு மணி நேரம். வெளித்தாழ்வாரத்தில் டோனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கு அதுதானே காது. மருத்துவர் முதுகைக் காட்டிக்கொண்டு அவளிடம் பேசினார், அவர் உதடு தெரியவில்லை. டோனாவின் முகம் முதலில் சுருங்கியது, கால்மன். அந்த ஒரு நொடியில் நான் செத்துப் பிழைத்தேன். பிறகுதான் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாள் லினா கண் திறந்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். எனக்கு மட்டும்தான் புரிந்தது. "அத்தை, பசிக்குது."

இனி மற்றது. உனக்குக் கடிதம் போட்ட பிறகு ஒரு வாரம் காத்திருந்தேன். எதற்கென்று தெரியாது. அக்டோபர் 31 காலை, வேலைக்குப் போகும் பேருந்தில் ஏறி, நடுவில் இறங்கி, மருத்துவமனைக்குப் போனேன். அறுவை அறைகளின் தலைமைத் தாதி பேர் திருமதி ஓக்ரென்ட். எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். வரவேற்பில் இருந்தவள் தொலைபேசியைக் காட்டி "கூப்பிட்டுக் கேளுங்க" என்றாள். காதைத் தொட்டுக் காட்டிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் கழித்து ஓக்ரென்ட் வந்தாள். நின்றபடியே படித்தாள். மூன்றாம் பக்கத்தில் என்னைப் பார்த்தாள். நான்காம் பக்கம் முடிக்காமல் ஓடினாள். ஆம், ஓடினாள். அன்று மதியம் எங்கள் கட்டுகள் எல்லாவற்றையும் அறைகளிலிருந்து இறக்கிவிட்டார்கள். டெட்ராய்ட்டிலிருந்து வேறு வரவழைத்தார்கள். லினாவுக்குப் போட்டதும் அதுதான். என் மேசைக்கடியில் இருந்த கட்டை மறுநாள் ஓக்ரென்டிடம் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் இரண்டு என்னை வேலையிலிருந்து எடுத்தார்கள். அடிக்கோலையும் கோப்பையையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். புதிய முறையில் ‘ரப்பர் கூடாது’ என்று தனியாக ஒரு கட்டம் வைத்துவிட்டார்கள். ப்ரென்டுக்கு அது அரைநாள் வேலையாம். அவனே அழுதுகொண்டு சொன்னான். "முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தீங்கன்னா போட்டிருப்பேனே மார்கிட்." இந்த முறை வாயைப் பெரிதாகத் திறக்கவில்லை. அவன் சொன்னது சரி. புதியது பழையதன் இடத்தில் உட்காருமா என்று ஊரெல்லாம் கேட்டது. உட்காரும். நான்தான் என் இடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், இஸட்டை என் தலைக்குள்ளேயே வைத்திருந்தேன். அது எனக்கு மட்டும் தெரியும்வரை என்னை அனுப்ப மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு.

வேலை போன அன்று வீட்டுக்கு வந்தால் கதவடியில் உன் அட்டை. ‘வந்தது.’ இவ்வளவு பயந்து நான் எதையும் படித்ததில்லை. இரண்டாவது சீட்டு இன்னும் வரவில்லை, தம்பி. ஏற்கிறாயா, திருப்பி அனுப்புகிறாயா?

அக்கா


மிசிகன் ஏரி
நவம்பர் 28, 2000

அக்கா,

நான் நலம். மூன்று நாளாகப் புயல். பானைகளைக் கயிற்றில் கட்டிவைத்துச் சமைக்கிறேன். அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது.

அந்த அட்டையில் வேறெதுவும் எழுத என் கை வரவில்லை. எழுதியிருந்தால் நீ படிக்கக்கூடாததை எழுதியிருப்பேன். மறுநாள் காலை கரை தெரிந்ததும் டோனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மருத்துவமனையைக் கூப்பிட்டாள். "அதைச் சொல்லத்தான் இங்க ஒரு அம்மா காலையிலேர்ந்து வாசல்ல உட்கார்ந்திருக்காங்க, காது கேட்காதாம், யாராவது தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்களாம். டோனா அதை எனக்குச் சொன்னபோது அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மாலுமிகள் வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

லினாவுக்காக உன்னை நான் எப்போதோ ஏற்றுக்கொண்டேன். அது இருக்கட்டும்.

ஆனால் உன் இரண்டு கடிதத்தையும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். லிண்டி பேர் இருக்கிறது, ப்ரென்ட் பேர் இருக்கிறது, ஓக்ரென்ட் பேர் இருக்கிறது. எத்தனை கட்டு மிச்சம் என்றுகூட இருக்கிறது. அந்த ஏழு வயதுப் பெண் ‘ஏழு வயதுப் பெண்’ணாகவே இருக்கிறாள். ஆகஸ்ட் 14க்கும் செப்டம்பர் 19க்கும் நடுவில் ஐந்து வாரம், அக்கா. அவளுக்கும் அப்பன் இருப்பான். அவனுக்கு யாரும் கடிதம் போட்டிருக்க மாட்டார்கள்.

அவள் பேர் என்ன?

கால்மன்


டொலீடோ
டிசம்பர் 8, 2000

அன்புள்ள கால்மன்,

டெலியா வார்ட்லோ.

புகார்த் தாளில் அன்றே இருந்தது. எழுதினால் முகம் வந்துவிடும் என்று எழுதவில்லை.

வக்கீல்கள் அவள் குடும்பத்துக்கு ஏதோ தாள் அனுப்பியிருக்கிறார்களாம். அதில் ‘கணினிக் கோளாறு’ என்றுதான் இருக்கும். ஓக்ரென்டிடம் கெஞ்சினேன். அவள் டெலியாவின் அம்மாவிடம் கேட்டுவிட்டு முகவரி கொடுத்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், என் வீட்டிலிருந்து ஒன்பதாவது தெரு. ஒன்பதே தெரு. 23ஆம் தேதி சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். டெலியாவும் வீட்டில் இருப்பாளாம்.

சொல்ல வேண்டியதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் வரி, ‘எனக்குத் தெரிந்திருந்தது.’ அதற்குமேல் எழுத ஓடவில்லை. அவள் அம்மா கத்தினால் எனக்குக் கேட்காது. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்று தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பயமாக இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். லினா முன்னைவிட ஒரு விரல்கடை உயரமாகிவிட்டதாகச் சொல்லச் சொன்னாள், படுத்தபடியே அளந்தாளாம்.

அக்கா
மார்கிட்


(அஞ்சலட்டை. டெட்ராய்ட், டிசம்பர் 15, 2000)

வந்தது. படித்தேன்.
20ஆம் தேதி சீசன் முடிந்து கப்பலை டொலீடோவிலேயே நிறுத்துகிறோம்.
சனிக்கிழமை நானும் வருகிறேன். அவர்கள் சொல்வதை நான் கேட்டு, உனக்கு எழுதிக் காட்டுகிறேன், ஒன்று விடாமல்.
கா.